2001-இல் நடுங்கிய நிலங்கள்

2001-ஆம் ஆண்டின் மிகப் பெரிய நிலநடுக்கம் எது என்று கடலூரில் நான் புவியியல் நடத்தும் மேல்நிலை வகுப்புகளில் கேட்டால், அந்த ஆண்டில் பிறந்தேயிராத பிள்ளைகள்கூடத் தயங்காமல் "குஜராத், சார்" என்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் அது சரியான பதில். ஆனால் நிலநடுக்கத்தின் அளவைக் கொண்டு பார்த்தால், அந்த ஆண்டின் மிகப் பெரிய நிலநடுக்கம் ஜூன் 23 அன்று தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 8.4 என்ற அளவில் நிகழ்ந்தது. குஜராத்தில் பதிவானது 7.7. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகப் பெருகும் என்பதால், இந்த 0.7 வித்தியாசத்துக்குப் பொருள், பெருவில் வெளிப்பட்ட ஆற்றல் குஜராத்தைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம் என்பதாகும். அப்படியிருந்தும் பெருவில் இறந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்தால்கூட நூற்றைம்பதைத் தாண்டவில்லை. குஜராத்தில் அரசின் கணக்குப்படியே ஏறத்தாழ 13,800 பேர், வேறு கணக்குகளின்படி 20,000 பேர் மாண்டனர்.

உலகில் நிகழும் நிலநடுக்கங்களைப் பற்றிப் பேச எந்த ஆண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் 2001-ஐ எடுத்துக்கொள்வதற்கு முதற்காரணம், அந்த ஆண்டின் பட்டியலில் நான் அப்போது குடியிருந்த புதுச்சேரியும் இருக்கிறது என்பது. இரண்டாவது காரணம், ஏறத்தாழ ஒரே அளவுள்ள நிலநடுக்கங்கள் முற்றிலும் வேறான விளைவுகளைத் தந்ததை அந்த ஆண்டைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆண்டுகள் அதிகம் இல்லை என்பது. செய்தியில் வரும் எண், பூமிக்குள் எவ்வளவு பெரிய முறிவு நிகழ்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, முறிவு எவ்வளவு ஆழத்தில் நிகழ்ந்தது, அதற்கு மேலே எப்படிப்பட்ட மண் இருந்தது, அந்த மண்ணின்மேல் என்ன கட்டியிருந்தார்கள் என்று தனித்தனியே கேட்டாக வேண்டும்.

ஜனவரி 13 அன்று மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டில் முதல் பேரழிவு நிகழ்ந்தது. அந்நாட்டின் பசிபிக் கரைக்கு அப்பால் கோக்கோஸ் தட்டு என்னும் கடலடிப் பாறைத்தட்டு, கரீபியன் தட்டுக்கு அடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு இறங்கிய தட்டின் உள்ளே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆழத்தில் முறிவு ஏற்பட்டு, 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. மாண்ட 944 பேரில் ஏறத்தாழ 585 பேர் ஒரே ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். சான்டா டெக்லா நகரின் லாஸ் கொலினாஸ் பகுதிக்கு மேலே நின்ற மலைச்சரிவு, எரிமலைச் சாம்பல் படிந்து உருவான மண்ணால் ஆனது. அது மொத்தமாகப் பெயர்ந்து கீழே இருந்த வீடுகளை மூடிவிட்டது. அவை ஏழைகளின் குடிசைகள் அல்ல, நடுத்தரக் குடும்பங்கள் கட்டிய நல்ல வீடுகள்தாம். மலையே சரிந்து வரும் இடத்தில் சுவரின் உறுதி எதையும் காப்பாற்றவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 13 அன்று, அதே நாட்டில் 6.6 அளவில் மற்றொரு நிலநடுக்கம் வந்தது. அதன் ஆற்றல் முந்தையதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் இது நிலப்பரப்புக்கு நேர் கீழே, வெறும் 10 கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்தது. முதல் அதிர்விலேயே விரிசல் விட்டிருந்த, சுடாத மண் செங்கல் சுவர்கள் இம்முறை விழுந்தன. 315 பேர் இறந்தனர்.

இந்த இரண்டுக்கும் நடுவில், ஜனவரி 26 காலை 8.46 மணிக்கு, நாடு குடியரசு நாள் விழாவில் இருந்தபோது, குஜராத்தின் கட்ச் பகுதி அதிர்ந்தது. மையம் பச்சாவ் வட்டத்தில், சோபாரி என்ற கிராமத்துக்கு அருகில். இந்திய வானிலைத் துறை 6.9 என்றும், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 7.7 என்றும் சொன்னதால் அன்றைய நாளிதழ்களில் குழப்பம் இருந்தது. கருவியில் பதிவாகும் அலையின் வீச்சைக் கொண்டு அளப்பதும், முறிந்த பரப்பையும் நகர்ந்த தூரத்தையும் கொண்டு அளப்பதும் வேறு வேறு முறைகள். பெரிய நிலநடுக்கங்களில் முதல் முறை குறைத்தே காட்டும். அஞ்சாரில் கொடியேற்றத்துக்காக ஊர்வலமாகச் சென்ற பள்ளிக் குழந்தைகளும் உடன் சென்ற ஆசிரியர்களும் குறுகிய தெருவொன்றில், இருபுறமும் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் சிக்கினர். குழந்தைகள் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேல். பள்ளியில் வேலை பார்ப்பவன் என்பதால், ஒவ்வொரு குடியரசு நாளிலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது அந்தத் தெருவை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அவர்களுக்காக அஞ்சாரில் இப்போது ஒரு நினைவகம் இருக்கிறது.

கட்ச் மக்கள் நிலநடுக்கம் அறியாதவர்கள் அல்லர். 1819 ஜூன் 16 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ரண் எனப்படும் உப்புச் சதுப்பு நிலப் பகுதியின் நடுவே பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் மேடாக எழும்பி, ஆற்றின் போக்கையே மறித்தது. கடவுள் கட்டிய அணை என்ற பொருளில் 'அல்லா பந்த்' என்று அதை இன்றும் அழைக்கிறார்கள். 1956-இல் அஞ்சாரிலேயே ஒரு நிலநடுக்கம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இவ்வளவு நினைவுகள் இருந்தும், 2001-இல் ஊர்ப்புறங்களில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை ஒழுங்கற்ற கருங்கற்களை மண்சாந்தில் அடுக்கிக் கட்டியவை. அப்படிப்பட்ட சுவர் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினால் கற்கள் பிரிந்துவிடும், மேலே இருக்கும் கனமான கூரை நேராகத் தலையில் இறங்கும். ஆனால் அதே கட்சில் 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் குடில்கள் பெருமளவுக்குத் தப்பித்து நின்றன. வட்டச் சுவருக்கு மூலைகள் இல்லை, எனவே விசை ஒரு மூலையில் குவிவதில்லை. மேலே இருப்பதோ இலேசான புல்வேய்ந்த கூரை. எல் சால்வடோரில் மண்சுவர் கொன்றது, கட்சில் மண்சுவர் காத்தது என்றால், பழியை மண்ணின் மேல் போட்டுவிட முடியாது. வடிவமும் கூரையின் எடையும் இணைப்புகளும் பார்க்கப்பட வேண்டும்.

என்னை இன்றளவும் கவலைப்படச் செய்வது அகமதாபாத். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள அந்த நகரத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் இடையே சாலைவழியில் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டால் அந்தத் தொலைவு விளங்கும். இடிந்தவை பழைய வீடுகள் அல்ல. கான்கிரீட் தூண் எழுப்பிக் கட்டிய புதிய குடியிருப்புகள். மேல் மாடிகளில் வீடுகளைப் பிரிக்கும் செங்கல் சுவர்கள் நிறைந்திருக்க, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் வெறும் தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடங்கள் அவற்றில் நிறைய இருந்தன. உலுக்கல் வரும்போது மேல் மாடிகள் ஒரே பெட்டியாக விறைப்புடன் நகர்கின்றன. வளைய வேண்டிய வேலை முழுவதும் தரைத்தளத் தூண்களின் தலையில் விழுகிறது. அவை ஒடிந்தால் கட்டடம் அப்படியே ஒரு மாடி உயரம் கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, சபர்மதி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண், தொலைவிலிருந்து வந்த மெதுவான அதிர்வுகளைப் பெருக்கிக் கொடுத்தது.

பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்குத் தெற்கே, 6.8 அளவில் ஒரு நிலநடுக்கம். இறந்தவர் ஒருவர், அதுவும் மாரடைப்பால். மார்ச் 24 அன்று ஜப்பானின் ஹிரோஷிமா பக்கம் ஏறத்தாழ அதே அளவு; இறந்தவர்கள் இருவர். பிப்ரவரி 13 அன்று 6.6 அளவில் 315 பேரை இழந்த எல் சால்வடோரை இவற்றின் அருகில் வைத்து, பணக்கார நாடு, ஏழை நாடு என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. அதில் உண்மை இருக்கிறது. கட்டட விதிகளை எழுதி, அவற்றைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்திய நாடுகள் அவை. ஆனால் சியாட்டில் பக்கத்து அதிர்வும் ஹிரோஷிமா பக்கத்து அதிர்வும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், நான் மாணவர்களுக்குப் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியவனாவேன்.

அடுத்தது பெரு. நாஸ்கா தட்டு தென் அமெரிக்கத் தட்டின் அடியில் புகும் அந்தக் கரையோரத்தில், 1965-க்குப் பிறகு அதுவரை உலகில் எங்கும் பதிவாகாத பேரளவில் முறிவு நிகழ்ந்தது. அரெகிப்பா நகரின் பேராலயம் வெண்ணிற எரிமலைக் கல்லால் கட்டப்பட்டது. அதன் கோபுரங்களில் ஒன்று சரிந்தது. நான் அதிகம் நினைப்பது கரையோர ஊரான கமனாவைப் பற்றி. உலுக்கல் ஓய்ந்த பிறகு கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கியது. அதைக் கண்ட மக்கள் கடலை விட்டு விலகி மேட்டு நிலங்களுக்கு ஓடினார்கள். பிறகு வந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளையும் வயல்களையும் வாரிக்கொண்டு போனது. அதில் இறந்தவர்கள் 26 பேர். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம் என்பதால் கடற்கரை விடுதிகள் காலியாக இருந்தன. கோடையில் வந்திருந்தால் ஆயிரக்கணக்கானோர் அங்கே இருந்திருப்பார்கள். பருவமும் உதவியது, அறிவும் உதவியது.

கமனா மக்கள் கடலை விட்டு ஓடி மூன்று மாதங்கள் கழித்து, செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்பு, வங்கக் கடலில் புதுச்சேரிக்கு எதிரே ஏறத்தாழ 5.5 அளவில் நிலம் நடுங்கியது. நாங்கள் அப்போது முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். பரணில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்கள் முதலில் கிணுகிணுத்தன. பிறகு தரையே நகர்வது காலில் தெரிந்தது. சில நொடிகள்தான். தெருவுக்கு வந்தபோது எல்லா வீட்டாரும் வெளியே நின்றிருந்தார்கள். எட்டு மாதங்களாகத் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் பார்த்திருந்த கட்சின் இடிபாடுகள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி, "தம்பி, உள்ளே மட்டும் போயிடாதே, இன்னொன்று வரும்னு சொல்றாங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த அதிர்வு சென்னையிலும் இலங்கையிலும்கூட உணரப்பட்டது. பெரிய சேதம் எதுவும் இல்லை. சில கட்டடங்களில் விரிசல்கள் விழுந்தன.

அன்று இரவு வீட்டுக்குள் படுக்கப் பயந்த பலர், வெட்டவெளிதான் பாதுகாப்பு என்று எண்ணிக் குழந்தைகளையும் பாய்களையும் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். நிலநடுக்கத்தின் மையம் கடலுக்குள்தான் என்று வானொலி அறிவித்த பிறகும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அதில் ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை. 5.5 அளவில் கடலடித் தரை பெரிய அலையை எழுப்பும் அளவுக்கு உயரவோ தாழவோ செய்யாது என்பதால் அன்று எதுவும் நேரவில்லை. ஆனால் அவர்களை அங்கே போகச் செய்தது அந்தக் கணக்கு அல்ல. கடலும் நிலநடுக்கமும் தொடர்புடையவை என்ற செய்தி எங்களிடம் வந்து சேராததுதான் காரணம். பெருவில் நடந்தது நாளிதழின் உள்பக்கத்தில் சில வரிகளாக வந்து மறைந்திருந்தது.

அதன் விலை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. சுமத்திராவுக்கு அருகே காலை 6.29 மணிக்கு நிகழ்ந்த முறிவின் அலை, ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் கடந்து இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்கோ சோனாங்குப்பத்துக்கோ ஒரு வார்த்தையும் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதில் நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் ஒரு நுணுக்கம் உண்டு. கடல் உள்வாங்கினால் ஓடு என்ற பாடம் கமனாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் சுமத்திரா முறிவின் மேற்குப் பக்கத்தில் கடலடித் தரை உயர்ந்ததால், இந்தியா, இலங்கைக் கரைகளுக்கு முதலில் வந்தது நீரின் எழுச்சி. தாய்லாந்துப் பக்கம்தான் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரைக்குக் கண்ணால் பார்க்கும் அடையாளம் போதாது, கருவியும் செய்தியும் வேண்டும். ஹைதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

2001-இன் கடைசிப் பெரும் நிலநடுக்கம் நவம்பர் 14 அன்று, திபெத்தியப் பீடபூமியின் வட எல்லையில் உள்ள குன்லுன் மலைத்தொடரில் நிகழ்ந்தது. அளவு 7.8, அதாவது குஜராத்தை விடச் சற்றுப் பெரியது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கிழிந்தது. நிலப்பரப்பில் பதிவான மிக நீண்ட கிழிசல்களில் அதுவும் ஒன்று. குலுக்கும் அலைகள் பாறைக்குள் பயணம் செய்யும் வேகத்தையே மிஞ்சி, சில பகுதிகளில் அந்தக் கிழிசல் நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். நிலநடுக்க இயலில் இன்றும் பேசப்படும் நிகழ்வு அது. இறந்தவர்கள் எவரும் இல்லை. 4,500 மீட்டருக்கும் மேலே, மனிதர்கள் அதிகம் வாழாத பனிவெளி அது. எல் சால்வடோர், கட்ச், குன்லுன் என்று 7.7, 7.7, 7.8 ஆகிய மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் எதிரே 944, ஏறத்தாழ 20,000, பூச்சியம் என்று எழுதிய பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை.

அந்த ஆண்டின் நிலநடுக்கங்களுள் மூன்றுக்கு மூலம் ஒன்றே. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவின்மேல் மோதிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் திபெத்தைக் கிழக்கே பிதுக்குவதால் குன்லுன் கிழிகிறது. கட்சில், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா பெருநிலம் உடைந்த காலத்தில் விரிந்து உண்டான பழைய பிளவுகள் இப்போது எதிர்த்திசையில் அமுக்கப்பட்டு முறிகின்றன. நம் கிழக்குக் கரையோரம் காவிரிப் படுகைக்கு அடியிலும் அதே காலத்துப் பிளவுகள் புதைந்து கிடக்கின்றன. 2001 செப்டம்பர் போன்ற அதிர்வுகளுக்கு இடம் கொடுப்பவை இத்தகைய பழைய பலவீனங்களே. தட்டுகளின் விளிம்பிலிருந்து நாம் வெகு தொலைவில் இருப்பதால் கட்சில் சேரும் அளவுக்கு இங்கே அழுத்தம் சேர்வதில்லை. ஆனால் தக்காணம் அசையாத பாறை என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை. 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. 1993-இல் லாத்தூரில் 6.2 அளவில் நிகழ்ந்தது ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2002-இல் திருத்தப்பட்ட இந்தியக் கட்டட விதி, சென்னையை நிலநடுக்க அபாய வரிசையில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

ஆகவே, "நம் ஊரில் வருமா சார்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, மிதமானது வரக்கூடும், அதற்கே நம் வீடுகள் தயாராக இல்லை என்றுதான் பதில் சொல்கிறேன். கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டிய மணல்மீது கடலூர் நிற்கிறது. தோண்டினால் சில அடிகளிலேயே நீர் ஊறும் இடங்கள் பல. நீர் ஊறிய தளர்ந்த மணல் நெடுநேரம் குலுங்கினால் பிடிப்பிழந்து சேறாக இளகும். 2001-இல் கட்சின் ரண் பகுதியில் மணலும் நீரும் தரையைப் பிளந்து பீறிட்டது இதனால்தான். புதுச்சேரியின் பழைய வீடுகளோ செங்கல்லும் சுண்ணாம்பும் மரவிட்டங்களும் சேர்ந்த மெட்ராஸ் டெர்ரஸ் கட்டடங்கள். கடற்கரையில் இருந்த, பிரெஞ்சுக் காலத்து நகர மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பரில் எந்த அதிர்வும் இல்லாமல் மழையிலேயே இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

புதிதாக வீடு கட்டுவோரிடம் நான் வலியுறுத்துவது பெரிய செலவு பிடிக்காத ஒன்று. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனைகளை வெறும் செங்கோணமாக மடித்து விட்டுவிடாமல், 135 பாகைக்கு வளைத்து, தூணின் உட்பக்கம் பாயுமாறு கட்டச் சொல்ல வேண்டும். தூணின் அடியிலும் பீம் சேரும் தலைப்பிலும் ரிங்குகளை நெருக்கமாக வைக்க வேண்டும். உலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்தாலும், உள்ளிருக்கும் கான்கிரீட்டையும் கம்பிகளையும் அந்தக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். "இந்த ஊருக்கு எதுக்கு சார் அதெல்லாம், கம்பி வளைக்கறவன் கூலி கூடக் கேட்பான்" என்று ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. அகமதாபாத்தின் படங்களை அவருக்குக் காட்டினேன். தூண் ஒடிந்த இடத்தில் ரிங்குகள் அவிழ்ந்து தொங்கியதை அவர் என்னைவிடக் கூர்மையாகக் கவனித்துவிட்டு, தாம் அப்போது கட்டிக்கொண்டிருந்த வீட்டில் மீதமிருந்த தூண்களுக்கு ரிங்குகளைத் தானே நின்று வளைக்கச் செய்தார்.

மஞ்சக்குப்பத்தில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடியும் தரைத்தளத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடந்தான். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டியதில், நீளவாக்கில் இரண்டும் அகலவாக்கில் இரண்டுமாகத் தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவர் எழுப்பி, அவற்றை அடித்தளத்தோடு இணைத்தால் கீழ்த்தளத்தின் பலவீனம் பெருமளவு குறையும் என்றார். அதனால் சில கார்களுக்கான இடம் போகும் என்பதால் உறுப்பினர்களுக்குள் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. என் இடத்தை விட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேல்மாடியில் இருக்கும் ஒரு குடும்பமும் அவ்வாறே ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்றவர்களிடம் அடுத்த கூட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு வீடாகச் சென்று பேச இருக்கிறேன்.